மரத்தை வேதிமுறையில் பிரிப்பது எப்படி: மரத்தூளில் இருந்து சர்க்கரை, நார், லிக்னின் வரை

மரத்தூளைத் தண்ணீரில் போட்டு, செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்கும் செல்லுலேஸ் என்சைமையும் ஊற்றி மூன்று நாள் காத்திருந்தால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் நனைந்த மரத்தூள்தான். எடையில் கிட்டத்தட்ட பாதி செல்லுலோஸ், அதாவது குளுக்கோஸ் சங்கிலிகளால் ஆன நார், இருந்தும் என்சைமால் அதை நெருங்க முடிவதில்லை. பலவகைச் சர்க்கரைகள் சேர்ந்த ஹெமிசெல்லுலோஸ் அதைப் போர்த்தியிருக்கிறது, பசை போன்ற லிக்னின் எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிவைத்திருக்கிறது. இந்தக் கட்டை அவிழ்க்கத்தான் அமிலம், காரம், கரைப்பான் என்று இத்தனை வழிகள்.

ஆனால் மூன்றையும் சேதாரம் இல்லாமல் ஒரே மூச்சில் பிரித்துவிட முடியாது. ஒன்றைக் காப்பாற்றும் சூட்டில் இன்னொன்று கெடும். எதை இழந்தாலும் பரவாயில்லை என்று முதலிலேயே முடிவு செய்யாமல் இறங்கினால், கடைசியில் மூன்றும் அரைகுறையாகத்தான் கையில் வரும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த முடிவை எடுக்கவும், எடுத்தபின் அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவும்தான். எழுதியிருப்பது ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கு. அழுத்தக் கலன், புகைப்பெட்டி, முகக்கவசம் இல்லாத இடத்தில் இதில் எதையும் முயல வேண்டாம்.

படி 1: கையில் இருப்பது எந்த மரம்?

பொதுவாக மரத்தின் உலர் எடையில் 40 முதல் 45 சதவீதம் செல்லுலோஸ். ஹெமிசெல்லுலோஸ் 20 முதல் 35 சதவீதம், லிக்னின் 18 முதல் 33 சதவீதம். பிசின், கொழுப்பு, டானின் போன்ற சாற்றுப் பொருள்கள் சில சதவீதம். சாம்பல் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடும், பட்டை கலந்தால் ஏறும்.

இந்தச் சராசரியைவிட முக்கியமான கேள்வி, அது ஊசியிலை மரமா அகன்ற இலை மரமா என்பது. பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களின் ஹெமிசெல்லுலோஸில் மானோஸ் சர்க்கரை அதிகம். தைலமரம், பாப்லர் போன்றவற்றில் சைலோஸ்தான் முக்கியம், கூடவே அசெட்டைல் தொகுதிகளும் நிறைய. லிக்னினிலும் வித்தியாசம் உண்டு. ஊசியிலை மரத்தின் லிக்னின் பெரும்பாலும் குவாயசைல் அலகுகளால் ஆனது. அகன்ற இலை மரத்தில் சிரிஞ்சைல் அலகுகளும் சேர்ந்திருக்கும். சிரிஞ்சைல் வளையத்தில் கூடுதலாக ஒரு மீத்தாக்ஸி தொகுதி இடத்தை அடைத்துக்கொள்வதால், உடைக்கக் கடினமான கார்பன்-கார்பன் பிணைப்புகள் அங்கே குறைவு. அதனால்தான் பாப்லர் எளிதில் விட்டுக்கொடுக்கும் நிலைமையில் பைன் முரண்டு பிடிக்கும்.

இங்கே சவுக்கு பலரை ஏமாற்றும். பார்க்க ஊசி இலை, கீழே விழுவதும் கூம்பு மாதிரி ஒன்று. ஆனால் அது பூக்கும் தாவரம். மரத்தின் வேதியியலும் அகன்ற இலை மரங்களுடையதுதான். பைனுக்கு எழுதிய செய்முறையை அதற்குப் போட்டால் தேவைக்கு மேல் வேக வைத்துவிடுவீர்கள்.

படி 2: தயார் செய்தல்

பட்டையை நீக்குங்கள். பட்டையில் உள்ள சாம்பலும் மண்ணும் நீங்கள் சேர்க்கும் அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பகுப்பாய்வுக்கு என்றால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூளாக அரைக்க வேண்டும். சமைப்பதற்கு, அதாவது ரசாயனத் திரவத்தில் வேக வைப்பதற்கு, என்றால் சில மில்லிமீட்டர் தடிமன் உள்ள சில்லுகளே போதும். சில்லில் கவனிக்க வேண்டியது நீளத்தைவிடத் தடிமனை. திரவம் உள்ளே ஊறிச் சேர வேண்டிய தூரம் அதுதான்.

அடுத்தது, மரத்தை 105 டிகிரி அடுப்பில் உலர்த்தி அதையே சோதனைக்குப் போடாதீர்கள். அந்தச் சூட்டில் நாரின் நுண்துளைகள் மூடிக்கொண்டு, மறுபடி நனைத்தாலும் முழுதாகத் திறப்பதில்லை. ஈரப்பதம் அளக்க ஒரு சிறு பங்கை மட்டும் அடுப்பில் வையுங்கள். மீதியை நிழலில் காற்றாட உலர்த்தி, காற்றுப் புகாத பையில் கட்டி வையுங்கள்.

ஈரத்தைக் கணக்கில் எடுக்க மறப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. உலர் எடையில் 100 கிராம் மரம் வேண்டும், கையில் உள்ள சில்லில் 40 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொள்வோம். நிறுக்க வேண்டியது 166.7 கிராம். அதற்குள்ளேயே 66.7 கிராம் தண்ணீர் இருக்கிறது. மரத்துக்குத் திரவம் ஒன்றுக்கு ஐந்து என்றால் மொத்தத் திரவம் 500 கிராம், நீங்கள் ஊற்ற வேண்டியது 433 கிராம்தான். இதை விட்டுவிட்டால் ஒரு சதவீத அமிலம் என்று குறிப்பேட்டில் எழுதியிருப்பீர்கள், கலனுக்குள் இருப்பது அதைவிட நீர்த்ததாக இருக்கும்.

படி 3: உள்ளே என்ன இருக்கிறது என்று அளப்பது

முதலில் தண்ணீராலும் பிறகு எத்தனாலாலும், சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்பத் தூளின் வழியே ஓடவிடும் சாக்ஸ்லெட் கருவியில் சாற்றுப் பொருள்களை இறக்கிவிடுங்கள். விட்டுவிட்டால் அவையும் லிக்னின் கணக்கில் ஏறிவிடும்.

பிறகு இரண்டு கட்ட அமில நீராற்பகுப்பு. ஸ்வீடன் வேதியியலாளர் பீட்டர் கிளாசன் பெயரில் வழங்கும் முறை இது. 300 மில்லிகிராம் தூள், 3 மில்லி 72 சதவீதக் கந்தக அமிலம், 30 டிகிரியில் ஒரு மணி நேரம், ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடிக் குச்சியால் கிளறல். பிறகு 84 மில்லி தண்ணீர் சேர்த்தால் அமிலம் 4 சதவீதமாகக் குறையும். ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து வடிகட்டினால், தாளில் நிற்பது அமிலத்தில் கரையாத லிக்னின். கொஞ்சம் லிக்னின் கரைந்தும் போயிருக்கும், அதைப் புற ஊதா ஒளி உறிஞ்சலால் அளக்கலாம். வடிநீரில் உள்ள சர்க்கரைகளை ஹெச்பிஎல்சி (உயர்திறன் திரவ நிறப்பகுப்புக் கருவி) பிரித்துச் சொல்லும். அளவு தெரிந்த தூய சர்க்கரைக் கரைசலையும் அதே ஆட்டோகிளேவ் சுற்றில் வையுங்கள். சூட்டில் எவ்வளவு சர்க்கரை அழிந்தது என்று அது காட்டிக்கொடுக்கும்.

சர்க்கரை அளவைத் திரும்பச் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் கணக்குக்கு மாற்றும்போது குளுக்கோஸை 0.90 ஆல் பெருக்குங்கள், சைலோஸை 0.88 ஆல். ஒவ்வொரு பிணைப்பு உடையும்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு உள்ளே சேருவதால் வரும் திருத்தம் இது.

படி 4: முறையைத் தேர்ந்தெடுப்பது

ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரையைக் கரைசலாக எடுத்துக்கொண்டு, செல்லுலோஸை என்சைமுக்குத் திறந்துவிட வேண்டும் என்றால் நீர்த்த அமிலம். வலுவான நார் வேண்டும், லிக்னினை எரித்தாலும் பரவாயில்லை என்றால் காரம், குறிப்பாகக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் சேர்த்துச் சமைக்கும் கிராஃப்ட் முறை. கந்தகம் கலக்காத சுத்தமான லிக்னின் வேண்டும் என்றால் ஆர்கனோசால்வ், அதாவது எத்தனால் போன்ற கரிமக் கரைப்பானில் சமைப்பது. ஊசியிலை மரத்தில் இருந்து சர்க்கரை என்றால் சல்ஃபைட் சேர்த்த முறையைத்தான் நான் முதலில் முயல்வேன்.

எந்த வழியானாலும் சூட்டையும் நேரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகப் பார்க்கப் பழகுங்கள். ஓவரெண்டும் ஷோர்னேவும் 1987 இல் தந்த கடுமைக் காரணி அதற்கானது. வெப்பநிலையில் இருந்து 100 ஐக் கழித்து 14.75 ஆல் வகுக்க வேண்டும். வந்த எண்ணுக்குக் கால்குலேட்டரில் எக்ஸ்பொனென்ஷியல் பொத்தானை அழுத்தி, நிமிடங்களால் பெருக்கி, பத்தின் அடிமான மடக்கை எடுக்க வேண்டும். 190 டிகிரியில் 10 நிமிடம் என்றால் 3.65 வரும். 180 டிகிரியில் 20 நிமிடத்துக்கு 3.66. அதாவது பத்து டிகிரி ஏற்றினால் நேரத்தை ஏறக்குறையப் பாதியாக்கலாம். அமிலம் சேர்த்திருந்தால் இந்த எண்ணில் இருந்து கரைசலின் பிஹெச் மதிப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். இது தோராயம்தான், ஆனால் இரண்டு ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிட இதைவிட எளிய வழி இல்லை.

படி 5அ: நீர்த்த அமிலம்

பழைய வழி இது. பிரான்ஸில் பிராகோனோ 1819 இலேயே நாரையும் மரத்தூளையும் கந்தக அமிலத்தால் சர்க்கரையாக்கிக் காட்டிவிட்டார். அப்போது பயன்பட்டது அடர் அமிலம். இன்று முன்பதப்படுத்தலுக்கு, அதாவது என்சைமுக்கு முன் மரத்தைத் திறந்துவிட, 0.5 முதல் 2 சதவீதம் வரை போதும், 140 முதல் 200 டிகிரிக்குள்.

அகன்ற இலை மரத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளி: திரவம் ஒன்றுக்குப் பத்து, அமிலம் ஒரு சதவீதம், 160 டிகிரி, 20 நிமிடம். கடுமைக் காரணி 3.07. பிஹெச் ஏறக்குறைய 1 என்பதால் அதைக் கழித்தால் 2 ஐ ஒட்டி நிற்கும். இதில் இருந்து மேலும் கீழும் நகர்ந்து உங்கள் மரத்துக்கு எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். கலந்தபின் மரத்தை அதில் ஓர் இரவு ஊறவிடுங்கள். ஊறாத சில்லைச் சூடாக்கினால் வெளிப்புறம் கருகும்போது நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். கலனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், திரவம் சூட்டில் விரியும். 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு என்றாலும் சூடான நீர்த்த கந்தக அமிலம் அதை அரித்துவிடும். ஹேஸ்டெல்லாய் என்னும் நிக்கல் கலப்புலோகக் கலன் வேண்டும், அல்லது வெப்ப வரம்புக்குள் டெஃப்லான் உறை. வெப்பநிலையைக் கலனுக்கு உள்ளே அளவிடுங்கள், அடுப்பின் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். நேரம் முடிந்ததும் கலனைப் பனிக்கட்டித் தண்ணீரில் இறக்குங்கள். தானாக ஆறட்டும் என்று விட்டால் அந்த அரை மணி நேரமும் வினை நடந்துகொண்டே இருக்கும்.

அளவு மீறினால் சைலோஸ் ஃபர்ஃப்யூரலாக மாறும். ஆறு கார்பன் சர்க்கரைகள் ஹைட்ராக்ஸிமெத்தில் ஃபர்ஃப்யூரலாகி, அங்கிருந்து லெவுலினிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் வரை போகும். அசெட்டைல் தொகுதிகளில் இருந்து அசெட்டிக் அமிலமும் வரும். இவை எல்லாம் பின்னால் நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டுக்கு விஷம். கலனைத் திறந்ததும் கசந்த பாதாம் வாசனை தூக்கலாக வந்தால் ஃபர்ஃப்யூரல் உண்டு என்று பொருள். முகர்ந்து சோதிக்கச் சொல்லவில்லை, ஆவி நச்சு. புகைப்பெட்டிக்குள் திறந்தாலும் சில நேரம் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

இன்னொரு பொறியும் உண்டு. கடுமையான அமிலச் சமையலுக்குப் பிறகு லிக்னினை அளந்தால், மரத்தில் முதலில் இருந்ததைவிட அதிகமாக வரும். முதல் தடவை எனக்கு அப்படி வந்தபோது தராசைத்தான் சந்தேகப்பட்டேன். தராசு சரியாகவே இருந்தது. சிதைந்த சர்க்கரைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கரையாத பழுப்புத் திடப்பொருளாகி லிக்னின் கணக்கில் ஒளிந்துகொள்கின்றன. போலி லிக்னின் என்று அதற்குப் பெயர். லிக்னின் 100 சதவீதத்தைத் தாண்டினால், சூட்டைக் குறைக்க வேண்டும் என்று புரிந்துகொள்ளுங்கள்.

படி 5ஆ: காரம், கிராஃப்ட்

காஸ்டிக் சோடா தனியாகவே எஸ்டர் பிணைப்புகளை அறுக்கும், மரத்தை உப்ப வைக்கும், லிக்னினைக் கரைக்கும். வைக்கோல் போன்றவற்றுக்கு அது நன்றாக வேலை செய்யும். ஊசியிலை மரத்துக்குப் பற்றாது.

கார்ல் டால் 1879 வாக்கில் அதனுடன் சோடியம் சல்ஃபைடையும் சேர்த்த பிறகுதான் கிராஃப்ட் முறை பிறந்தது. ஹைட்ரோசல்ஃபைடு அயனி, லிக்னின் அலகுகளை இணைக்கும் பீட்டா-ஓ-4 ஈதர் பிணைப்புகளை விரைவாக உடைக்கிறது. மரத்தின் லிக்னினில் ஏறக்குறையப் பாதி இணைப்புகள் அந்த வகைதான் என்பதால் பலன் பெரிது. 160 முதல் 175 டிகிரி, ஓரிரு மணி நேரம், கிடைக்கும் கூழ் மரத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மீதி எல்லாம் கருஞ்சாறாகிவிடும். ஆலைகள் அதை வற்ற வைத்து எரித்து, ஆவியும் மின்சாரமும் எடுத்து, ரசாயனத்தையும் மீட்டுக்கொள்கின்றன. கிராஃப்ட் முறை இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் கூழின் வலிமை பாதிக் காரணம் என்றால், இந்த மீட்புக் கொதிகலன் மறுபாதி.

காரத்தில் செல்லுலோஸுக்கும் அடி விழும். சங்கிலியின் ஒரு முனையில் இருந்து ஒவ்வொரு சர்க்கரையாக உரியத் தொடங்கும். அதனால் எல்லா லிக்னினையும் சமையலிலேயே எடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். கடைசிச் சில சதவீதத்துக்காகச் சமையலை நீட்டினால் லிக்னினைவிட நார்தான் வேகமாகக் கரையும். மிச்சத்தை வெளுக்கும் கட்டத்துக்கு விட்டுவிடுவது நல்லது.

மறக்கக் கூடாத ஒன்று: சல்ஃபைடு உள்ள கருஞ்சாற்றில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது, ஆள் விழுவார். அமிலக் கழிவுக் குடுவையும் கருஞ்சாற்றுக் குடுவையும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தில் காஸ்டிக்கும் வேண்டாம், ஹைட்ரஜன் வரும்.

படி 5இ: ஆர்கனோசால்வ்

எத்தனால் 60, தண்ணீர் 40, மரத்தின் எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டிக் கந்தக அமிலம், 180 டிகிரி, ஒரு மணி நேரம். பாப்லர் மாதிரி மரத்துக்கு இது நல்ல தொடக்கம். அழுத்தம் 15 பாரைத் தாண்டும், உள்ளே இருப்பதோ தீப்பற்றும் திரவம். ஆகவே அழுத்த விடுவிப்பு வால்வு வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், முழுக்க ஆறும்வரை கலனைத் திறக்காதீர்கள்.

சமையலைவிடக் கழுவுவதில்தான் இந்த முறை கெடும். அவசரத்தில் ஒரு தடவை கூழை நேராகக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டேன். வெளிர் பழுப்பாக இருந்த நார், கண் முன்னாலேயே காப்பிக் கறை பிடித்த மாதிரி ஆனது. எத்தனால் நீர்த்ததும் கரைந்திருந்த லிக்னின் வெளியே வந்து நாரின் மேலேயே படிந்துவிட்டது. அன்றைய சமையல் முழுதும் வீண். முதலில் சமைத்த அதே விகித எத்தனால்-தண்ணீர்க் கலவையை 60 டிகிரிக்குச் சூடாக்கி இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கழுவிய திரவம் நிறம் வெளிறிய பிறகுதான் வெறும் தண்ணீர்.

கழுவிய திரவங்களைச் சேர்த்து, மூன்று மடங்கு தண்ணீரில் கிளறிக்கொண்டே ஊற்றினால் லிக்னின் படியும். வடிகட்டி 40 டிகிரிக்குள் உலர்த்துங்கள், அதற்கு மேல் போனால் மென்மையாகிக் கட்டியாகிவிடலாம். அமிலமும் சூடும் அதிகமானால் உடைந்த லிக்னின் துண்டுகள் மறுபடி கார்பன்-கார்பன் பிணைப்பால் சேர்ந்துகொள்ளும். அந்த லிக்னினைப் பிறகு சிறு மூலக்கூறுகளாக உடைப்பது மிகக் கடினம். லிக்னினே உங்கள் குறி என்றால் ருத்தேனியம் அல்லது நிக்கல் வினையூக்கியும் ஹைட்ரஜன் மூலமும் கலனுக்குள்ளேயே இருக்க, உடைந்த கணத்திலேயே துண்டுகளை நிலைப்படுத்தும் வழியைப் படியுங்கள். லிக்னின்-முதல் என்று அதைச் சொல்கிறார்கள்.

மற்ற வழிகள்

ஊசியிலை மரத்துக்குச் சோடியம் பைசல்ஃபைட்டும் கொஞ்சம் கந்தக அமிலமும் சேர்த்து 180 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பது நல்ல பலன் தரும். லிக்னின் சல்ஃபோனேற்றம் அடைந்து நீர் விரும்பும் தன்மை பெறுவதால், என்சைம் அதில் வீணாக ஒட்டிக்கொள்வதும் குறைகிறது. காரத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்ப்பவர்கள் பிஹெச் 11.5 ஐ ஒட்டி வைத்திருக்க வேண்டும். வினை போகப் போக அது மாறும், கண் வைத்திருங்கள். அயனித் திரவங்கள் (குறைந்த சூட்டிலேயே திரவமாக இருக்கும் உப்புகள்), கோலின் குளோரைடும் லாக்டிக் அமிலமும் கலந்தது போன்ற, கலந்ததும் உருகுநிலை வெகுவாக இறங்கும் ஆழ் யூடெக்டிக் கரைப்பான்கள் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன. சின்ன அளவில் அழகாக வேலை செய்யும். கரைப்பானை எத்தனை முறை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தினார்கள் என்ற அட்டவணை இல்லாத கட்டுரையை நான் பாதியில் மூடிவிடுவேன்.

படி 6: கழுவி, வைத்து, என்சைமில் சோதிப்பது

கழுவிய திடப்பொருளை உலர்த்தாமல், ஈரமாகவே 4 டிகிரியில் வையுங்கள். காரணம் படி 2 இல் சொன்ன அதே நுண்துளைதான். அமில வடிநீரைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கினால் ஜிப்சம் படியும், வடிகட்டிக்கொள்ளலாம்.

என்சைம் சோதனைக்கு: பிஹெச் 4.8 முதல் 5 வரை உள்ள சிட்ரேட் தாங்கல் கரைசல், 50 டிகிரி, 72 மணி நேரம், திடப்பொருள் ஒன்றிரண்டு சதவீதம். பதப்படுத்தாத மரத்தூளையும், தூய செல்லுலோஸையும் ஒப்பிடுவதற்காகப் பக்கத்துக் குடுவைகளில் வையுங்கள். குளுக்கோஸை ஹெச்பிஎல்சியில் அளப்பதே உத்தமம். டிஎன்எஸ் (டைநைட்ரோசாலிசிலிக் அமில) நிறமுறை எல்லாச் சர்க்கரையையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடும்.

படி 7: எடைக் கணக்கு

என்சைமில் 80 சதவீதம் மாறியது என்று அறிக்கையில் படித்தால், எதில் 80 என்று கேளுங்கள். 100 கிராம் மரம், அதில் 45 கிராம் செல்லுலோஸ் என்று வைத்துக்கொள்வோம். முழுதும் மாறினால் 50 கிராம் குளுக்கோஸ். பதப்படுத்தியபின் 62 கிராம் திடப்பொருள் மிஞ்சியது, அதில் 65 சதவீதம் செல்லுலோஸ் என்றால் 40.3 கிராம். கிட்டத்தட்ட 5 கிராம் ஏற்கெனவே வடிநீரில் போய்விட்டது. மிஞ்சியதில் 80 சதவீதம் மாறினால் 35.8 கிராம் குளுக்கோஸ். மரத்தில் இருந்ததோடு ஒப்பிட்டால் 72 சதவீதம்தான்.

இதே கணக்கை சைலோஸுக்கும் லிக்னினுக்கும் போடுங்கள். திடம், வடிநீர், கழுவிய நீர் என மூன்றையும் கூட்டினால் தொடங்கிய எடையில் 95 சதவீதத்துக்குப் பக்கம் வர வேண்டும். 80 சதவீதத்தில் நின்றால் பெரும்பாலும் கழுவிய நீரை அளக்காமல் கொட்டியிருப்பீர்கள், இல்லையென்றால் ஃபர்ஃப்யூரல் ஆவியாகப் போயிருக்கும். அப்போது புதுச் சமையலுக்குப் போக வேண்டாம். அதே சமையலை மறுபடி செய்து, கழுவிய நீரை ஒரு சொட்டு விடாமல் பிடித்து வையுங்கள்.